காரணம் கேட்கக் கந்தோர் எங்கே?

கந்தோர் என்னும் சொல் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றது. 1796ஆம் ஆண்டிலே அவர்கள் இலங்கையின் கரையோரத்தை ஆங்கிலேயரிடம் இழந்து போயினர். சொல் மட்டும் நம்மிடையே தங்கிவிட்டது. கந்தோருக்கும் கச்சேரிக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த கதை இல்லாத குடும்பம் நம் நாட்டில் அரிது. ஆயினும் அந்தப் பழைய கந்தோருக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். அவர் கடுமையானவராக இருக்கலாம். சோம்பல் உள்ளவராக இருக்கலாம். "நாளைக்கு வாரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புபவராகவும் இருக்கலாம். இருந்தும், "ஐயா, என் விண்ணப்பத்தை ஏன் தள்ளினீர்கள்?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க நமக்கு வழி உண்டு. அவர் மறுமொழி தராவிட்டால் அவருக்கு மேலுள்ளவரிடம் கேட்கலாம். காரணம் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையே ஏழை மனிதனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே உள்ள பாலம்.

கந்தோர் என்ற சொல்லை நமக்குத் தந்த நாட்டிலேயே அந்தப் பாலம் உடைந்த வரலாற்றை இங்கே ஆராய விரும்புகிறேன். செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று பேசாதவர் இல்லை. அது கட்டுரை எழுதுகிறது, படம் வரைகிறது, கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறது என்று வியப்போரும் அஞ்சுவோரும் பலர். ஆனால் ஆரவாரம் எதுவுமின்றி அரசாங்கத்தின் கோப்புகளுக்குள்ளே புகுந்துவிட்ட இயந்திரத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. யாருக்கு உதவி கொடுப்பது, யாரை ஐயுறுவது என்று புள்ளியிடும் இயந்திரம் அது.

நெதர்லாந்து என இன்று வழங்கும் ஒல்லாந்து தேசத்தில், வேலைக்குச் செல்லும் பெற்றோர் தம் குழந்தைகளைப் பகற்பராமரிப்பு நிலையங்களில் விடுவதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் தருகிறது. வருமானம் குறைந்தோர்க்கு அந்த உதவி கூடுதல். எஞ்சிய சிறு பங்கைப் பெற்றோர் தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். உதவிப்பணம் முன்கூட்டியே கொடுக்கப்படும். கணக்குப் பின்னர் பார்க்கப்படும். கொடுப்பதும் கணக்குப் பார்ப்பதும் அக்காலத்தில் வரித் திணைக்களத்தின் வேலையாக இருந்தது. 2013ஆம் ஆண்டிலே பல்கேரியா நாட்டவர் சிலரின் பெயரால் ஒரு கூட்டத்தார் அரசாங்க உதவிப்பணங்களை மோசடியாகப் பெற்ற செய்தி வெளிவந்தது. பத்திரிகைகள் கொதித்தன, பாராளுமன்றமும் கொதித்தது. மோசடிக்காரரைப் பிடிப்பதே அரசாங்கத்தின் தலையாய கடமை என்ற கருத்து எல்லாக் கட்சிகளையும் ஆட்கொண்டது.

அதே ஆண்டிலிருந்து வரித் திணைக்களம் தானே கற்றுக்கொள்ளும் கணிப்பு முறை ஒன்றைக் கைக்கொண்டது. சரியானவை என்றும் பிழையானவை என்றும் முன்னரே பிரிக்கப்பட்ட பழைய விண்ணப்பங்கள் அந்த முறைக்கு உதாரணங்களாகக் காட்டப்பட்டன. அவற்றின் சாயலைக் கற்றுக்கொண்டு, புதிய விண்ணப்பங்களுக்கு அது புள்ளியிட்டது. புள்ளி மிகுந்த விண்ணப்பங்கள் விசாரணைக்காக உத்தியோகத்தரிடம் சென்றன. அது கவனித்த குறிகளுள் ஒன்று, விண்ணப்பகாரர் ஒல்லாந்துப் பிரசையா அல்லரா என்பது. வருமானம் குறைவாக இருந்தாலும் ஐயம் மிகுந்தது. உதவி யாருக்குப் பெரிதும் வேண்டியதோ அவரே பெரிதும் ஐயுறப்பட்டார் என்பதை வாசகர் இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

ஐயுறப்பட்டவருக்கு என்ன நேர்ந்தது? ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலும், தம் பங்கில் ஒரு சிறு தொகைக்குச் சான்று காட்ட இயலாதிருந்தாலும், அந்த ஆண்டு முழுவதற்கும் பெற்ற உதவிப்பணம் அனைத்தையும் திருப்பிச் செலுத்தும்படி கட்டளை வந்தது. தொகை பல்லாயிரம் யூரோவாக இருந்தது. வேண்டுமென்றே செய்தவர் என்றோ, பெரும் கவனக்குறைவு உடையவர் என்றோ முத்திரை குத்தப்பட்டவருக்குத் தவணை முறையில் செலுத்தும் சலுகையும் மறுக்கப்பட்டது. வீட்டை இழந்தவர், வேலையை இழந்தவர், மணவாழ்வு முறிந்தவர் பலர். இந்தக் குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அக்காலத்திலே பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடங்களில் வைக்கப்பட்டனர் என்பதை அந்நாட்டுப் புள்ளிவிபரப் பணியகம் பின்னர் வெளியிட்டது. மோசடி செய்யாத பல்லாயிரம் பெற்றோர் ஆண்டுக்கணக்காக மோசடிக்காரர் என்ற பெயரைச் சுமந்தனர்.

இத்தனைக்கும் இயந்திரம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது; அது உண்மையன்று. முழுத் தொகையையும் மீளப் பெறவேண்டும் என்று சட்டத்துக்குப் பொருள் கொண்டவர்கள் மனிதர்களே. அந்தப் பொருளைச் சரியென்று நாட்டின் மிக உயர்ந்த நிருவாக நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் வரையில் உறுதிப்படுத்தி வந்தது. சட்டத்தை இயற்றிய பாராளுமன்றமும், கடுமை போதாது என்று கூவிய பொதுமக்கள் கருத்தும் இந்தத் தீமையில் பங்காளிகள். அப்படியானால் இயந்திரம் செய்தது என்ன? மனிதரின் தப்பெண்ணத்தை வாங்கி, அதற்குக் கணிதத்தின் உடையை உடுத்தியது. ஓர் உத்தியோகத்தர், "இவர் பிறநாட்டவர்; ஆகையால் நான் ஐயுறுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் கண்டிக்கப்பட்டிருப்பார். அதனையே இயந்திரம் ஓர் இலக்கமாகச் சொன்னபோது அது விஞ்ஞானமாகத் தோன்றியது.

இன்னுமொன்று உண்டு. புள்ளி மிகுந்த விண்ணப்பத்தைக் கையிலெடுத்த உத்தியோகத்தருக்கு, அந்தப் புள்ளி ஏன் மிகுந்தது என்ற விபரம் கொடுக்கப்படவில்லை. சர்வதேச மன்னிப்புச் சபை 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட ஆய்வு இதனை எடுத்துக் காட்டியது. பெற்றோர் கேட்டனர், உத்தியோகத்தருக்குத் தெரியாது. உத்தியோகத்தர் இயந்திரத்தைக் கேட்க முடியாது. இயந்திரத்தை அமைத்தவரோ தனிப்பட்ட எந்த விண்ணப்பத்தையும் கண்டவர் அல்லர். அமைச்சர் திணைக்களத்தைக் காட்டினார். இவ்வாறு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட, தீர்ப்பு மாத்திரம் குடும்பத்தின் தலையில் வந்து விழுந்தது. காரணம் கேட்கக் கந்தோர் இல்லாமற் போயிற்று என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த உண்மை எப்படி வெளிவந்தது என்பது நம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. இயந்திரத்தை உடையவர்கள் தாமாக அதைச் சொல்லவில்லை. பெற்றோர் பலருக்காக வாதாடிய ஈவா கொன்சாலஸ் பெரெஸ் என்ற சட்டத்தரணி, ஒரே விதமான கட்டளை பலருக்கு ஒரே நேரத்தில் வந்திருப்பதைக் கவனித்துத் தளராது வழக்காடினார். பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி 2017ஆம் ஆண்டிலே, 232 குடும்பங்களின் விடயத்தைக் கொண்டு திணைக்களத்தைக் கண்டித்து அறிக்கை எழுதினார். அதே ஆண்டு மார்ச்சில், திணைக்களத்துக்கு உள்ளேயே சட்ட ஆலோசகராக இருந்த சாண்ட்ரா பால்மன், நாம் செய்தது தவறு, பெற்றோருக்கு ஈடு செய்யவேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு கிடப்பில் போடப்பட்டு, மூன்றாண்டுகளுக்குப் பின்னரே வெளியே தெரிந்தது. பின்பு 2024ஆம் ஆண்டு டிசம்பரில், இழப்பீட்டுப் பணிகளுக்குப் பொறுப்பான இராஜாங்கச் செயலாளராக அவரே நியமிக்கப்பட்டார் என்பது காலத்தின் விசித்திரம்.

பீட்டர் ஒம்சிக்த், றென்ஸ்க லைதன் என்னும் இரு பாராளுமன்ற உறுப்பினர்கள், வேறுவேறு கட்சியினராக இருந்தும், கேள்விக்கு மேல் கேள்வி தொடுத்தனர். பத்திரிகையாளர் சிலர் கோப்புகளைத் தேடி எடுத்து எழுதினர். 2019ஆம் ஆண்டு டிசம்பரில், பெற்றோர் கேட்டுப் பெற்ற தம் சொந்தக் கோப்புகளில் பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசப்பட்டிருந்ததை நாடே கண்டு திகைத்தது. தன் மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்ன என்று அறிய விரும்பிய தாய்க்கு அரசாங்கம் கொடுத்த விடை கறுப்பு மை! அம்மாதத்திலேயே இதற்குப் பொறுப்பான இராஜாங்கச் செயலாளர் பதவி விலகினார். 2020ஆம் ஆண்டு ஜூலையில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை, பிரசாவுரிமையை ஒரு குறியாகக் கொண்டமை சட்டவிரோதம் என்று கண்டறிந்தது. 2014ஆம் ஆண்டிலேயே நீக்கியிருக்கவேண்டிய இரட்டைப் பிரசாவுரிமை விபரம், ஏறத்தாழ 14 இலட்சம் பேரைப் பற்றி 2018ஆம் ஆண்டு மே மாதத்திலும் திணைக்களத்தின் ஏடுகளில் இருந்ததென்பதும் அப்பொழுதுதான் தெரியவந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்ற விசாரணைக் குழு தன் அறிக்கைக்கு, முன்னொருபோதும் கண்டிராத அநீதி என்னும் பொருள்பட ஒரு பெயரைச் சூட்டியது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிரதமர் மார்க் றுத்தவின் அமைச்சரவை முழுவதும் பதவி துறந்தது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்குத் தலைக்கு 30,000 யூரோ முதற்கட்ட ஈடாகத் தருவதென முடிவாயிற்று. பணம் கொடுக்கலாம், பிரிந்திருந்த பிள்ளையின் வளரும் பருவத்தை எந்தத் திறைசேரி திருப்பிக் கொடுக்கும்?

இங்கே நான் ஒரு கணக்கைக் கவனிக்கும்படி வாசகரை வேண்டுகிறேன். இயந்திரம் வேலை தொடங்கியது 2013இல். பிரசாவுரிமைக் குறி சட்டவிரோதம் என்று கண்டறியப்பட்டது 2020இல். நடுவே ஏழு ஆண்டுகள். ஒரு சட்டத்தரணியின் பிடிவாதமும், ஒரு சில பத்திரிகையாளரின் உழைப்பும், இரண்டு உறுப்பினரின் மனச்சாட்சியும் இல்லாதிருந்தால் அந்த ஏழு பதினான்காகியிருக்கும். ஒரு நாட்டின் நீதி இத்தகைய தற்செயல்களை நம்பி இருக்கலாமா? செயற்கை நுண்ணறிவைப் பொதுநலன் கருதி ஆராய்வோர் வேண்டும் என்பதற்கும், அவ்வாராய்ச்சிக்குச் சட்டம் கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்பதற்கும் இதைவிட வலிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதவு திறந்தால் என்ன விளையும் என்பதற்கும் ஒல்லாந்தே உதாரணம் தருகிறது. வெவ்வேறு திணைக்களங்களின் தரவுகளை ஒன்று சேர்த்து மோசடிக்காரரை ஊகிக்கும் வேறொரு முறை அங்கே இருந்தது. வறியவர் வாழும் பகுதிகளிலேயே அது ஏவப்பட்டது. மனித உரிமை அமைப்புகளும் ஒரு தொழிற்சங்கமும் வழக்குத் தொடுத்தன. 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள் ஹேக் நகர நீதிமன்றம், அம்முறைக்கு ஆதாரமான சட்டவிதி ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8ஆம் உறுப்புரைக்கு முரணானது என்று தீர்த்தது. மோசடியைத் தேடுவது தவறென்று நீதிமன்றம் சொல்லவில்லை. வெளியார் சரிபார்க்க முடியாதபடி மூடி வைத்துக்கொண்டு தேடுவதே தவறு என்றது. இந்த வேறுபாடு நுட்பமானது. நம் கொள்கை வகுப்போர் மறவாதிருக்க வேண்டியது.

றொட்டர்டாம் நகரசபை 2017 முதல் 2021 வரை, வாழ்க்கை உதவிப்பணம் பெறுவோருள் யாரை விசாரிப்பது என்று தெரிவதற்கு ஓர் இயந்திரத்தை வைத்திருந்தது. 315 விபரங்களை அது எடுத்துக்கொண்டது. வயது, பால், தாய்மை, ஒல்லாந்து மொழியறிவு ஆகியவை மட்டுமன்றி, உத்தியோகத்தர் ஒருவரைப் பற்றி எழுதிய குறிப்புகளும் அவற்றுள் அடங்கின. நகரத்தின் கணக்காய்வு மன்றம் குறை கண்டபின் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. பின்னர் அந்த இயந்திரத்தின் உள்ளமைப்பைப் பத்திரிகையாளர் கேட்டபோது நகரசபை கொடுத்தது. அவர்கள் அதனைக் கழற்றிப் பார்த்து, மொழி சரிவரத் தெரியாதவருக்கும் சிறு பிள்ளைகளுடைய தாய்மாருக்கும் புள்ளி ஏறும் விதத்தை 2023ஆம் ஆண்டிலே உலகறியச் செய்தனர். தவறு செய்த சபை என்று இதைப் பழிப்போம். மறைக்காமற் கொடுத்த சபை என்று போற்றவும் வேண்டும்.

அம்ஸ்டர்டாம் நகரத்தின் அனுபவம் இன்னும் ஆழமானது. றொட்டர்டாமின் பிழையைத் தாம் செய்யக்கூடாதென்று அந்நகரத்தார் உறுதி பூண்டனர். பிரசாவுரிமை போன்ற குறிகளை விலக்கினர்; 15 குறிகள் மட்டும் கொண்ட, விளக்கிச் சொல்லத்தக்க ஒரு முறையை ஆக்கினர்; பாரபட்சம் உண்டா என்று முன்கூட்டியே சோதித்தனர். பிறநாட்டவர்க்கு எதிரான சாய்வு தென்பட்டது, திருத்தினர். 2023இல் உண்மையான விண்ணப்பங்களில் பரீட்சித்தபோது சாய்வு மறுபக்கம் திரும்பி, ஒல்லாந்துப் பிரசைகளையும் பெண்களையும் பிழையாகச் சுட்டியது. உத்தியோகத்தர் கையால் தெரிவதைவிட அது திறமையானது என்றும் நிறுவ முடியவில்லை. உதவி பெறுவோரின் ஆலோசனைச் சபை தொடக்கத்திலிருந்தே இம்முயற்சியை எதிர்த்து வந்திருந்தது. ஈற்றில் நகரம் அதனைக் கைவிட்டது. பணமும் உழைப்பும் வீண் என்று சிலர் சொல்வர். நான் அவ்வாறு கருதவில்லை. பெரிய அளவில் ஏவப்படுமுன்னரே சோதித்து, சோதனை தோற்றதும் நிறுத்தினார்கள். வரித் திணைக்களம் ஏழு ஆண்டுகளில் கற்காததை இந்நகரம் சில மாதங்களில் கற்றது.

இவ்வனுபவங்களிலிருந்து கொள்கை வகுப்போர் எடுக்கத்தக்க பாடங்கள் மூன்று என நான் எண்ணுகிறேன். முதலாவது, அரசாங்கம் எந்த வேலைக்கு எந்த இயந்திரத்தை வைத்திருக்கிறது என்பதைக் குடிமக்கள் அறிய ஒரு பகிரங்கப் பதிவேடு வேண்டும். ஒல்லாந்து அரசாங்கம் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தகைய பதிவேட்டைத் தொடங்கியது. இரண்டாவது, இயந்திரம் புள்ளியிட்டாலும் தீர்மானத்துக்குக் கையெழுத்திடும் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். அவர் காரணத்தை அறிந்தவராகவும், இயந்திரத்தை மறுக்கும் அதிகாரமும் துணிவும் உடையவராகவும் இருக்கவேண்டும். காரணம் தெரியாத கையெழுத்து வெறும் மை. மூன்றாவது, திணைக்களத்துக்கு வெளியே உள்ள ஆராய்ச்சியாளரும், பாதிக்கப்படக்கூடிய மக்களின் பிரதிநிதிகளும், இயந்திரம் ஏவப்படுமுன்னரே அதனைச் சோதிக்க உரிமை பெறவேண்டும். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அரச உதவிக்குத் தகுதி காணும் இயந்திரங்களை உயர்ந்த ஆபத்துடையவை என்ற வகையில் வைத்திருக்கிறது. அடிப்படை உரிமைகளுக்கு நேரக்கூடிய தீங்கை முன்கூட்டியே மதிப்பிடும் கடமையையும் அது எழுதிவைத்துள்ளது.

ஒல்லாந்தின் கதை நமக்கெதற்கு என்று கேட்போர் இருக்கலாம். 2023ஆம் ஆண்டிலே நம் நாட்டில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது குடும்பங்களின் வறுமை 22 அளவுகோல்களால் புள்ளியிடப்பட்டது. அது செயற்கை நுண்ணறிவு அன்று. கற்றுக்கொள்ளும் இயந்திரமும் அன்று. முன்னரே வகுத்த அளவுகோல்களைக் கொண்டு போட்ட கணக்கே. எனினும் பட்டியலில் தம் பெயரைக் காணாதவரும் தொகை குறைந்தவருமாக ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீடு செய்தனர். புள்ளியால் வறுமையை அளக்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. நாளைக்கு அப்புள்ளியை இடும் வேலையை, தானே கற்கும் இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னால், செலவு குறையும், ஊழல் ஒழியும் என்று நாமும் கைதட்டக்கூடும். கைதட்டுமுன் கேட்கவேண்டிய கேள்விகளை இப்பொழுதே ஆயத்தம் செய்துகொள்வது நல்லது.

அதற்கு வேண்டிய சட்ட விதைகள் நம் நாட்டிலேயே இல்லாமல் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரம் மாத்திரம் செய்த தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையை எழுதியிருக்கிறது. அதற்கும் முன்னே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பகிரங்க அதிகாரசபையின் ஒவ்வோர் உத்தியோகத்தரும் தாம் எடுத்த தீர்மானத்துக்கான காரணத்தை அதனாற் பாதிக்கப்படுவோருக்குக் கூறவேண்டும் என்றும், கேட்டால் எழுத்திலே தரவேண்டும் என்றும் விதிக்கிறது. அருமையான பிரிவு. ஆனால் அது உத்தியோகத்தர் எடுத்த தீர்மானம் என்று சொல்கிறது. தீர்மானத்தை இயந்திரம் எடுத்ததென்று கூறி உத்தியோகத்தர் கைகழுவினால் அந்தப் பிரிவு யாரைப் பிடிக்கும்? ஆகவே எந்த இயந்திரம் வந்தாலும், அதன் தீர்மானம் பெயருள்ள ஓர் உத்தியோகத்தரின் தீர்மானமே என்று சட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்படவேண்டும். எழுதித் தரும் காரணமும், பெறுபவர் வாசித்து விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். தமிழில் விண்ணப்பித்த தாய்க்கு விளங்காத மொழியில் வரும் காரணம், கறுப்பு மை பூசிய காகிதத்துக்கு எவ்விதத்திலும் மேலானதன்று.

இயந்திரத்தை வெறுக்கும்படி நான் சொல்லவில்லை. மழைக் கணிப்பிலும் நோயாய்விலும் அது நமக்குத் துணை செய்யட்டும். ஆனால் ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பெரிவதா அணைவதா என்று தீர்மானிக்கும் இடத்தில், "ஏன்?" என்று கேட்பதற்கு ஒரு கதவும், அதற்குள்ளே மறுமொழி சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதரும் இருந்தே ஆகவேண்டும். ஒல்லாந்தரிடமிருந்து நம் முன்னோர் கந்தோர் என்ற சொல்லை வாங்கினர். அதே ஒல்லாந்தர் இந்நாளிலே கண்ணீர் விட்டுக் கற்ற பாடத்தையும் நாம் வாங்கிக்கொள்வோம். அதற்கு விலை கொடுக்குமுன்னர்.